ஏழாயிரம் அடியில் நின்ற முள்

இந்தக் காலத்து மனுஷனிடம் "பசிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க மாட்டான். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பான். பன்னிரண்டரை என்றால் பசிக்கிறது, பதினொன்று என்றால் பசிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது அந்தக் காலம். இப்போது கண்ணாடிக் குழாயை வாயில் செருகி, அது சொன்ன பிறகுதான் அழ ஆரம்பிக்கிறார்கள். முள் சொல்வதுதான் வேதம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முப்பது வருஷம் கடலூர் போலீசில் ஏட்டாக இருந்தவன். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்த எவனையும் நான் நம்பியதில்லை. முள் மட்டும் என்ன ஒசத்தி?

அன்று காலை எட்டு மணிக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு விமானி தில்லைநாதன். கீழரத வீதிக்காரர், முப்பத்து நாலு வயசு. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் காவல். ஜன்னலோரம் அவர் மனைவி மங்கலம். என்னைக் கூலி பேசி அமர்த்தியவள் அவள்தான்.

விஷயம் இதுதான். பதினெட்டு நாளுக்கு முன்னால், விஜயதசமி காலையில், மெட்ராசிலிருந்து தஞ்சாவூருக்குக் கரையோரமாகப் பறந்த கீழ்க்கரை ஏர் சர்வீஸ் விமானம் பிச்சாவரத்துக்கு வெளியே கடலில் விழுந்தது. பதினோரு பேரில் ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். துணை விமானியும் அதில் ஒருத்தர். விமானத்தில் புதிதாக ஆட்டோ பைலட் என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். இன்ன உயரம் என்று சொல்லிவிட்டால் அதுவே பிடித்துக்கொண்டு போகுமாம். தில்லைநாதன் பெட்டியிடம் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டார், தூக்கத்தில் முழங்கை பட்டுப் பெட்டி அணைந்துவிட்டது, இது கம்பெனியின் கட்சி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடக்கும் விசாரணை அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முடிகிறது. அதற்குள் புதுச் சாட்சியம் வரவில்லை என்றால் கட்டிலோடு கைது.

"தூங்குனீங்களா?" என்றேன்.

"இல்ல ஏட்டய்யா. கண்ணைத் தொறந்துகிட்டேதான் இருந்தேன். சுத்தியும் மேகம். வெள்ளை வேட்டியை மூஞ்சியில கட்டுன மாதிரி. உயரம் காட்டுற முள்ளு ஏழாயிரம் அடியிலயே நின்னுது. ஏழாயிரம், ஏழாயிரம், ஏழாயிரம். அப்புறம் வாயில உப்புத் தண்ணி."

"கை எங்க இருந்துது?"

"மடியில."

"மடியிலயா?"

"பெட்டிதான ஓட்டுது."

பின்னாலிருந்து ஹசன் தொண்டையைக் கனைத்தான். அபுல் ஹசன் என் கையாள். பரங்கிப்பேட்டைக்காரன், முப்பத்தைந்து வயசு, வாடகைக் கார் ஓட்டுகிறவன். கார் நின்றாலும் வாய் நிற்காது. "எங்க மாமனாரு இப்பிடித்தான். கடையை மச்சான்கிட்ட விட்டுட்டு மடியில கையை வச்சிகிட்டு உக்காந்திருந்தாரு. இப்ப மச்சான் கடையில உக்காந்திருக்காரு" என்றான்.

நான் அவனை முறைத்துவிட்டுத் தில்லைநாதனிடம் திரும்பினேன். "முள்ளு எப்பிடி உயரத்தைக் கண்டுபிடிக்குது? கயிறு விட்டா அளக்குது?"

"விமானத்தோட மூக்குக்குப் பின்னால, ரெண்டு கன்னத்துலயும், அரை ரூபா அகலத்துக்கு வட்டமா ஒரு தகடு இருக்கும். அதுல ஊசி ஓட்டைங்க. அது வழியாத்தான் வெளிக்காத்து உள்ள வரும், போகும். மேல போனா காத்து லேசாவும். கீழ வந்தா கனக்கும். அந்தக் காத்தை வச்சித்தான் உயரத்து முள்ளு, வேகத்து முள்ளு, ஏறுதா எறங்குதான்னு சொல்ற முள்ளு, மூணும் வேலை செய்யுது."

"பெட்டி?"

"பெட்டிக்கும் அதே காத்துதான்."

"பலே" என்றான் ஹசன். "மூணு சாட்சியும் ஒரே வீட்டு ஆளுங்க. ஜட்ஜும் அந்த வீட்டு மாப்பிள்ளை."

"அந்த ஓட்டை ரெண்டு பக்கமும் அடைஞ்சிருக்கணும்" என்றார் தில்லைநாதன். "எதால அடைஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. வலது கன்னம் நசுங்கிப் போச்சு. இடது கன்னம் அகப்படல. அது கெடைச்சாத்தான் நான் வெளிய வருவேன்."

எனக்கு அவர் பேச்சில் பாதிதான் இறங்கியது. காரணம் இருக்கிறது. பிழைத்தவர்களில் மேல்பட்டாம்பாக்கத்து ராணியம்மாள் என்று ஒரு அம்மாள். விழுவதற்கு முன்னால் கால் மணி நேரமாகக் காது அடைத்து அடைத்துத் திறந்தது என்று விசாரணையில் சொல்லியிருந்தாள். விமானம் இறங்கும்போது காது அடைக்கும். அந்த அம்மாளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையா?

"உங்க காது அடைக்கலையா?"

"எனக்கு அன்னைக்கு ஜலதோஷம். ஒண்ணும் தெரியல" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டு எழுந்தேன்.

* * *

பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கிள்ளைக் கரையில் இரண்டு நாளாக விசாரித்து ஒரு துப்பு வைத்திருந்தோம். காட்டுக்குள்ளே ஒரு மணல் திட்டில் பக்கிரி என்ற மீனவன் வலை வைக்கும் கொட்டகை இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைத் தகடு சாத்தியிருக்கிறது. பக்கிரி யார் என்று ஊருக்கே தெரியும். விழுந்த விமானத்திலிருந்து மூன்று பேரைத் தண்ணீரில் குதித்துத் தூக்கியவன். தில்லைநாதனைத் தூக்கியவனும் அவன்தான். மயக்கத்தில் இருந்த தில்லைநாதனுக்கு அது தெரியாது. பேப்பரில் போட்டோ போட்டார்கள். ஊரே மாலை போட்ட ஆளை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

"வாங்க, நானே கூட்டிகிட்டுப் போறேன்" என்று பக்கிரி தானாகவே வந்தான். தானாக வருகிறவனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் படகில் ஏறினோம். மணி ஒன்பதே கால்.

பிச்சாவரத்துக் காடு தண்ணீரில் நிற்கிற காடு. வேர்கள் விரலை விரித்த மாதிரி ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். நடுவே தெருவும் சந்துமாகத் தண்ணீர். அரை மணி நேரத்தில் அகலமான வழியாகத் திட்டுக்குப் போய்விட்டோம்.

கொட்டகை மூலையில் அந்தத் தகடு இருந்தது. முகம் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. முறம் அளவு, வளைந்து, ஓரமெல்லாம் கிழிந்து. ஹசன் அதைத் தூக்கி அப்படியும் இப்படியும் பார்த்தான்.

"அப்பிடிப் புடிக்காதீங்க பாய், தலைகீழா இருக்குது" என்று பக்கிரி வாங்கித் திருப்பிக் கொடுத்தான். "இப்பிடி. இது இடது கன்னம்."

நடுவில் அரை ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். ஆனால் ஓட்டையைக் காணோம். மஞ்சளாகக் கெட்டிப்பட்ட ஏதோ ஒன்று மேலே ஒட்டிக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"விமானத்துக்கு முகப்பரு" என்றான் ஹசன்.

நகத்தால் கீறிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கடலில் கிடந்ததால் ஏதாவது சிப்பி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். எதுவாக இருந்தாலும் கன்னம் கிடைத்துவிட்டது. மணி பத்து. கரைக்குப் போய்க் காரை எடுத்தால் பன்னிரண்டுக்கு மஞ்சக்குப்பம். தகட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் நாங்கள் மாட்டினோம்.

பக்கிரி வந்த வழியில் திரும்பவில்லை. குறுக்கு வழி என்று ஒரு சந்துக்குள் படகை விட்டான். இரண்டு பக்கமும் மரம் நெருங்கி வந்தது. வானம் ஒரு கோவணத் துணி அளவுக்குச் சுருங்கியது. இருபது நிமிஷம் போனதும் படகு சரக்கென்று இழுத்து நின்றது. பக்கிரி கழியைக் குத்தினான். கழி சேற்றில் ஒரு முழம் போனது.

"தண்ணி வத்திடுச்சு ஏட்டய்யா. இனிமே கடல் ஏத்தம் வந்தாத்தான் படகு நகரும்."

"எப்ப வரும்?"

"மூணு, மூணரை ஆவும்."

நான் இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தேன். இடுப்பு வரைக்கும் சேறு இழுத்தது. ஹசன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டான். ஒரு செருப்பு சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. வேர்களுக்கு நடுவிலிருந்து நண்டுகள் வரிசையாக ஏறி வந்து எங்களைப் பார்த்தன.

"நண்டுங்க முன்னால சாட்சி சொல்லிடலாமா ஏட்டய்யா? கோர்ட்டுல கூட இவ்வளவு கூட்டம் வராது" என்றான் ஹசன்.

நான் சிரிக்கவில்லை. மூன்றரைக்குத் தண்ணீர் வந்து, கரை சேர்ந்து, முப்பது மைல் கார் ஓட்டிப் போனால் விசாரணை நடந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மடியில் ஒரு மனுஷனின் விடுதலை கிடக்கிறது. எழுந்து நிற்கக்கூட இடம் இல்லை. கொசு முகத்தில் அப்பியது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வேர், ஒரே மாதிரி இலை. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. கூப்பிட்டும் பார்த்தோம்.

மணி பதினொன்று ஆனது. பக்கிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவன் முகத்தை மாற்றிக்கொள்வான். முதுகை மாற்ற எவனுக்கும் தெரியாது.

"பக்கிரி, எத்தனை வருஷமா இந்தத் தண்ணியில இருக்கே?"

"பொறந்ததுல இருந்து."

"உங்க அப்பா?"

"அவரும்தான்."

"அப்ப, இந்தச் சந்து எத்தனை மணிக்கு வத்தும்னு உனக்குத் தெரியாதா?"

முதுகு அசையவில்லை.

"வரும்போது அகல வழி. போவும்போது ஆணி அடிச்ச மாதிரி இங்க வந்து நிக்குது. ஹசனுக்குத் தகட்டுல தலை எது கால் எதுன்னு தெரியல. எனக்கும் தெரியல. நீ ஒரே பார்வையில இடது கன்னம்ங்கிற. கடல்ல மீன் புடிக்கிறவனுக்கு விமானத்தோட கன்னத்தை யாருய்யா காட்டினது?"

நான் தவழ்ந்து படகின் முகப்புக்குப் போனேன். குனிந்து வெளிப்பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு பொட்டு, இந்தப் பக்கம் ஒரு பொட்டு. மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. பேனாக்கத்தியால் ஒரு துணுக்கு கீறி மூக்கில் வைத்தேன். சாக்கைப் பிரித்துத் தகட்டிலும் ஒரு துணுக்கு கீறி மூக்கில் வைத்தேன். இரண்டிலும் ஒரே வாசனை. கோயிலில் புகை போடுகிற குங்கிலியம்.

"ஹசன், மோந்து பாரு."

ஹசன் முகர்ந்தான். துணுக்கை அப்படியே பக்கிரியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

பக்கிரி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"மீனம்பாக்கத்துல விமானம் நிறுத்துற கொட்டாயில தொடைக்கிற வேலை ஏட்டய்யா. ஏழு மாசமா. விமானி ஐயாவை எனக்குத் தெரியும். என்னை அவருக்குத் தெரியாது. தொடைக்கிறவன் மூஞ்சியை யாரு பார்க்குறா? ஆயுத பூஜைக்கு எல்லாரும் சந்தனம் வச்சாங்க. கதவுல, சக்கரத்துல. வெறும் சந்தனம். மழை பெஞ்சா போயிடும். எங்க படகுக்கு அப்பிடி வைக்க மாட்டோம். குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சி, சந்தனத்தோட கொழைச்சி, ரெண்டு கன்னத்துலயும் வைப்போம். வருஷம் பூரா அலை அடிச்சாலும் போவாது. விமானமும் ஒரு படகுதானன்னு நெனைச்சேன். போய்ப் பார்த்தா ரெண்டு கன்னத்துலயும் பளபளன்னு வட்டமா ஒரு தகடு. பொட்டு வைக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி."

"அதே நாளு ஊருக்கு வந்துட்டியா?"

"ராத்திரி ரயில்ல வந்தேன். காலையில படகை எடுத்துகிட்டு வெளிய போனேன். என் விமானம் வரும் பாரு, நான் பொட்டு வச்சது பாருன்னு எனக்குள்ளயே சொல்லிகிட்டு நின்னேன். மேகத்துல இருந்து வந்துது. தண்ணிக்கு ஒரு பனை ஒசரத்துல வந்துது." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "ஒரு வாரம் பொறுத்துத்தான் இந்தத் தகடு என் வலையில ஏறுச்சு. பொட்டைப் பார்த்ததும் புரிஞ்சு போச்சு."

"ஏம்பா, கடல்ல தூக்கிப் போட்டிருந்தா எங்களுக்கு இந்த நண்டு தரிசனம் கெடைச்சிருக்காதே?" என்றான் ஹசன். குரலில் கேலி இல்லை.

"பொட்டு வச்ச பொருளை எறியலாமா பாய்? வச்ச பொட்டை வச்சவன் கையாலயே அழிச்சா வீட்டுல பொம்பளை நெத்தி அழிஞ்சு போவும். அதான் முகத்தைத் திருப்பி வச்சேன்."

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஆனால் கஞ்சிப் பானையில் ஆவி தட்டைத் தூக்கித் தூக்கி வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். விமானம் ஏறும்போது பொட்டு இளகலாக இருந்திருக்கும். உள்ளே இருந்த கனத்த காற்று முட்டி முட்டி வெளியே போயிருக்கும். முள்ளும் ஏழாயிரம் வரை சரியாக ஏறியிருக்கும். மேலே போய்க் குளிர் பட்டதும் குங்கிலியம் கல்லாகிவிட்டது. அதற்குப் பிறகு வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லை. ஏழாயிரம் அடிக் காற்று குழாய்க்குள் மாட்டிக்கொண்டது. பெட்டி அதைப் பார்த்து ஏழாயிரத்தில் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது. எங்களை மாதிரிதான், அடைத்த சந்துக்குள் நின்றுகொண்டு.

"சொன்னா என்னைத் தூக்குல போட்டுடுவாங்க ஏட்டய்யா. ஆறு உசுரு."

"போடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. "நாலு மணிக்கு அந்த ஆளைப் புடிச்சுகிட்டுப் போவாங்க. அது தெரியும். தண்ணியில இருந்து தூக்கினவனும் நீதான். இப்ப மறுபடி அமுக்குறவனும் நீதான்."

பக்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தான். "நடந்து போவ ஒரு வழி இருக்குது. வேரு மேலயே போவணும். ஆனா தில்லை மரக் காடு. மழையில கெளை முறிஞ்சு பால் சொட்டும். கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சிடும். நீங்க ரெண்டு பேரும் துண்டால கண்ணைக் கட்டிகிட்டு என் தோளைப் புடிச்சுகிட்டு வாங்க."

"நீ?"

"எந்தக் கெளைக்குக் குனியணும்னு எனக்குத் தெரியும்."

எங்களைச் சேற்றில் மாட்டியவன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமான யோசனையை நான் கேட்டதில்லை. வேறு யோசனையும் இல்லை. துண்டைக் கட்டினேன். இடது கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தளர விட்டுக் கட்டினேன்.

தகடு பக்கிரி தலையில். அவன் தோளில் என் கை. என் தோளில் ஹசன் கை. வழுக்கும் வேர்களின் மேல் கால் கூசிக் கூசி நடந்தோம்.

"ஏட்டய்யா" என்றான் ஹசன் பின்னாலிருந்து. "இப்ப நம்மளும் ஆட்டோ பைலட்டுதான். முள்ளு எத்தனை அடி காட்டுது?"

"வாயை மூடு."

"வாய்க்குத் துண்டு பத்தல."

"குனிங்க" என்றான் பக்கிரி. குனிந்தோம். "பள்ளம், காலை எட்டி வைங்க." எட்டி வைத்தோம். மூன்றாவது தடவை குனி என்றபோது, இவன் நிஜமாகவே கரைக்குத்தான் போகிறானா என்று தளர்ந்த ஓரத்தின் வழியாக ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சொட்டு வந்து விழுந்தது. நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன.

"எட்டிப் பார்த்தீங்களா?" என்றான் பக்கிரி.

"இல்ல" என்றேன்.

* * *

கிள்ளைக் கரையில் ஒரு குடம் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டேன். ஹசன் காரை ஓட்டின வேகத்துக்கு வேக முள் என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை. ஒரு கண்தான் இருந்தது, அதையும் மூடிக்கொண்டேன். வழியில் ஒரு டயர் வேறு வெடித்தது. மூன்று மணி ஐம்பது நிமிஷத்துக்கு மஞ்சக்குப்பத்தில் விசாரணை அறைக்குள் சேறும் சகதியுமாக நுழைந்தோம்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். பேனாவை மூடப் போனவர், எங்கள் கோலத்தைப் பார்த்து மூடாமல் வைத்தார். தகட்டை மேஜையில் வைத்தேன். பின்பக்கம் ஒரு துண்டுக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊதிப் பாருங்க ஐயா."

பெரிய உத்தியோகஸ்தர். ஆனாலும் குனிந்து வாய் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பியது. ஒரு நூல் காற்று வெளியே வரவில்லை.

பக்கிரி பேசினான். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் முழுசும் பேசினான்.

பெட்டி அணைந்திருந்தது என்ற பழைய கட்சியை விட்டுவிட்டுக் கம்பெனி இன்ஜினியர் சுப்பிரமணியன் எழுந்தார். "ஆட்டோ பைலட்டில் எந்தக் குற்றமும் இல்லை. அதனிடம் சொன்ன உயரத்தை அது கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தது."

"கடலுக்குள்ளேயுமா?" என்றார் அதிகாரி.

அதிகாரி ஒரு தாளை எடுத்தார். "புறப்படும் முன் இந்த ஓட்டைகளைப் பார்த்ததாகக் கையெழுத்து இருக்கிறது. யாருடையது?"

"என்னுடையது."

"பார்த்தீர்களா?"

சுப்பிரமணியன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொட்டு இருந்துது சார். ஆயுத பூஜைப் பொட்டு. அதை யாரு சார் அழிப்பா? மழையில தானா போயிடும்னு நெனைச்சேன்."

அங்கே இருந்த யாரும் அழித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். நானும்தான்.

தில்லைநாதனைக் கைது செய்ய வேண்டியதில்லை என்று அதிகாரி எழுதினார். பக்கிரி ஜில்லாவை விட்டுப் போகக் கூடாது, கூப்பிடும்போது வர வேண்டும். கையெழுத்துப் போட்டவரை இருக்கச் சொன்னார். பெட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது குற்றமற்றதாம்.

* * *

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். வாசலில் கான்ஸ்டபிளைக் காணோம். மங்கலம் என் காலில் விழ வந்தாள். "சேறும்மா" என்று தள்ளி நின்றேன். தில்லைநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொட்டு விஷயத்தைச் சொன்னதும், "நானும் பார்த்தேன். கண்ணுல ஒத்திகிட்டுத்தான் ஏறினேன்" என்றார்.

நர்ஸ் என் கண்ணில் மருந்து விட்டாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. மனசில் முடிந்து வைத்தது மட்டும் அவிழவில்லை.

"கூலி எல்லாம் அப்புறம்மா" என்றேன் மங்கலத்திடம். "அன்னைக்கு இவருக்கு ஜலதோஷத்துக்கு என்ன மருந்து குடுத்தே?"

"ஜலதோஷமா?" என்றாள் அவள். "யாருக்கு? நல்லாத்தான் இருந்தாரு. மொத நாளு மலைக்கோயில் முந்நூறு படியும் பாடிகிட்டே ஏறினாரு."

தில்லைநாதன் மறுபடி சுவரைப் பார்த்தார். மங்கலம் அவரைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த டம்ளர் மெல்லக் கீழே இறங்கியது.

"அடைச்சுது" என்றார் கடைசியில். "நாலு தரம். எச்சில் முழுங்கி முழுங்கித் தொறந்தேன். வேகத்து முள்ளு வேற ஏறிகிட்டே இருந்துது. வேகம் ஜாஸ்தின்னு இன்ஜினைக் கொறைச்சேன். கொறைக்கக் கொறைக்க முள்ளு இன்னும் ஏறுது. நான் இன்னும் கொறைச்சேன். இப்பத்தான் புரியுது, ஒவ்வொரு தரமும் நானே கீழ எறக்கியிருக்கேன். கை பிடியில இருந்திருந்தா, விமானம் கீழ இழுக்குறது கைக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ."

"காது சொல்லுச்சில்ல?"

"எங்களுக்கு மொதல் பாடமே அதான் ஏட்டய்யா. மேகத்துக்குள்ள உடம்பு பொய் சொல்லும், முள்ளை நம்பு. உடம்பை நம்பிச் செத்தவங்க எத்தனையோ பேரு. அது பொய்யில்ல. முள்ளு மூணு, காது ஒண்ணு. எதை நம்புறது?"

"மூணும் ஒரே வீட்டு ஆளுன்னு ஹசன் காலையிலயே சொன்னானே."

"இனிமே இப்பிடி நடக்காது. பெட்டி தப்புப் பண்ணுதான்னு பார்க்க இன்னொரு பெட்டி வைக்கப் போறாங்க."

"அது எந்த ஓட்டை வழியா மூச்சு விடும்?"

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

தூங்கவில்லை என்று சொன்னார், தூங்கவில்லை. குற்றவாளி இல்லை என்று அதிகாரி எழுதினார். அந்த ஆறு பேருக்கும் காது அடைத்திருக்கும். அவர்களும் எச்சிலை விழுங்கிக்கொண்டு, விமானம் ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்று இருந்திருப்பார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹசன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். "ஏறுங்க ஏட்டய்யா. ஒரே மிதி, கடலூரு."

"பெட்ரோல் இருக்குதா?"

"பாதிக்கு மேல காட்டுது."

"குச்சி விட்டுப் பார்த்தியா?"

"முள்ளுதான் காட்டுதே!"

ஒரு செருப்பும் ஒரு கண்ணுமாக, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஹசன் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை கிளம்பியதா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.